கண்ணாடிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் முறை
விண்கலம் போன்ற கண்ணாடிக் கட்டடத்தை மாற்றியமைப்பவர், முதலில் அது வெப்பத்தைத் தடுக்கத் தவறும் குறையை ஆராய வேண்டும். சிகாகோவில் கட்டடக்கலைஞர் ஹெல்முட் யான் வடிவமைத்து 1985-இல் திறக்கப்பட்ட அரசு அலுவலகக் கட்டடமான தாம்சன் மையத்தில், செலவைக் குறைப்பதற்காக ஒற்றையடுக்குக் கண்ணாடி பொருத்தப்பட்டதால், வானளாவிய நடுமுற்றமும் அதைச் சூழ்ந்த அலுவலகங்களும் கோடையில் கொதித்தன. கூகுளுக்கான சீரமைப்புத் திட்டத்தில் அந்தக் கண்ணாடி மூன்றடுக்குக் கண்ணாடியாகிறது. ஆகவே, கோடைப் பிற்பகலில் தரைத்தளத்திலும் மேல்மாடியிலும் வெப்பமானியை வைத்து, வேறுபாட்டைக் குறித்துக்கொண்ட பின்னரே கண்ணாடியைப் பற்றி முடிவெடுங்கள். சட்டகத்தை இடிக்காதீர்கள், அந்த எஃகையும் கான்கிரீட்டையும் உருவாக்கியபோது வெளியேறிய கரியமில வாயு திரும்பி வரப்போவதில்லை, புதிதாகக் கட்டினால் மேலும் வெளியேறும். வாசலில் தடுப்புக் கம்பிகளை விட்டுவைத்துப் பூந்தொட்டிகளை அடுக்குவது, என் கருத்தில், வீண் வேலை. கம்பிகளை அகற்றி, முற்றத்தில் நிழல் விழும் பக்கமாக, முதுகு சாய்த்து உட்காரக்கூடிய பெஞ்சுகளைப் போடுங்கள்.