பிரிட்ஜில் முதல் சீட்டாக எதை இறக்குவது?

டிக்ளேரருக்கு (ஏலத்தில் வென்று ஆட்டத்தை நடத்துபவர்) இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் முதல் சீட்டை இறக்க வேண்டும். டம்மியின் (டிக்ளேரரின் ஜோடி, தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைப்பவர்) கை அப்போது விரிந்திருக்காது. ஏலத்தில் கேட்டதையும் கையில் உள்ள 13 சீட்டையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

படி 1: ஏலத்தை நினைத்துப் பாருங்கள். பார்ட்னர் ஒரு சூட்டை (ஸ்பேட், ஹார்ட் போன்ற சீட்டு வகை) சொல்லியிருந்தால் பெரும்பாலும் அதையே இறக்குங்கள். நம் கை அழகாக இருக்கிறதே என்று வேறு பக்கம் போவது தேவையில்லாத வீரம்.

படி 2: நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) என்றால் நீளமான சூட், அதாவது கையில் அதிகச் சீட்டுள்ள சூட். 1 நோ டிரம்ப், 3 நோ டிரம்ப் என்று ஏலம் முடிகிறது. உங்களிடம் ஸ்பேடில் கிங், ஜாக், 8, 6, 3 இருக்கின்றன. மேலிருந்து நான்காவதான 6-ஐ இறக்குங்கள்.

ஏன் நான்காவது? விஸ்ட் (பிரிட்ஜுக்கு முன்னோடியான சீட்டாட்டம்) காலத்துக் கணக்கு இது: 11-இலிருந்து இறக்கிய சீட்டைக் கழித்தால், அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளில் எத்தனை என்று தெரியும். இங்கே 5. டம்மியில் குயின், 10, 2. பார்ட்னரிடம் ஏஸ், 9, 7. ஐந்தும் பார்ட்னரின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன, டிக்ளேரரிடம் ஒன்றுமில்லை. டம்மி 2 போட்டால் பார்ட்னர் 7-லேயே டிரிக்கை (நால்வரும் ஒவ்வொரு சீட்டு போடும் சுற்று) எடுப்பார். அப்புறம் ஏஸ், அதன்பின் 9. அதை நீங்கள் கிங்கால் பிடித்து ஜாக், 8 ஆடினால் ஐந்து டிரிக், டிக்ளேரர் ஏலத்தில் ஒப்புக்கொண்ட கான்ட்ராக்ட் காலி.

கிங், குயின், ஜாக் போல வரிசையாக இருந்தால் மட்டும் நான்காவதை மறந்துவிட்டு உச்சியில் இருப்பதை இறக்குங்கள்.

படி 3: துருப்பு இருந்தால் வேறு கணக்கு. நீளமான சூட்டைச் சீக்கிரமே வெட்டிவிடுவார்கள். ஏஸை வைத்துக்கொண்டு அதே சூட்டில் சின்னச் சீட்டை இறக்காதீர்கள். டிக்ளேரரிடம் கிங் மட்டும் தனியாக இருந்தால் உங்கள் ஏஸ் வீண். ஏஸும் கிங்கும் சேர்ந்திருந்தால் அவற்றில் ஒன்றைத் தாராளமாக இறக்கலாம்.

ஒற்றைச் சீட்டு? துருப்பில் ஏஸ், 6, 3 போல இருந்தால் நல்லது, சின்னத் துருப்பால் ஒரு வெட்டு கிடைக்கலாம். குயின், ஜாக், 10 என்றால் வேண்டாம். அந்தத் துருப்பு டிரிக் எப்படியும் உங்களுக்குத்தான்.

சரி, தேர்ந்தெடுத்தாயிற்று. போட்டிகளில் அதைக் கவிழ்த்து வையுங்கள். ஏலத்தைப் பற்றி பார்ட்னர் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்டுக்கொள்வார், அப்புறம் திருப்பலாம்.