பரிணாமத்தைத் தனி உயிரில் தேடாதீர்கள்

பரிணாமம் பற்றிய தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன. ஓர் உயிர் தன் வாழ்நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதுதான் பரிணாமம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் மாறுவது கூட்டம். ஓர் இனக்கூட்டத்தில் ஒரு மரபணுவுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கலாம். அவற்றை அல்லீல்கள் என்கிறோம். எந்த அல்லீல் எவ்வளவு இருக்கிறது என்ற விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதே, அதுதான் பரிணாமம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், "தேவைப்பட்டது, அதனால் மாறியது" என்ற எண்ணம். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து நீண்டது என்பதை இன்று பலரும் நம்புவதில்லை. ஆனால் "மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு கிருமிக்குப் பழகிப்போச்சு" என்று அதே ஆட்கள் சொல்வார்கள். இரண்டும் ஒரே தவறுதான். இதை 1952-இல் அமெரிக்க மரபியலாளர்களான ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் தம்பதி அழகாகச் சோதித்துக் காட்டினார்கள். மருந்தே கலக்காத தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்து, அதன் மேல் வெல்வெட் துணியை ஒற்றி எடுத்தார்கள். அந்தத் துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தட்டுகளில் திசை மாறாமல் ஒற்றினார்கள். மருந்துத் தட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும் வளர்ந்தன. ஒரு தட்டில் எந்த இடத்தில் வளர்ந்ததோ, அடுத்த தட்டிலும் அதே இடம்! மூலத் தட்டில் அந்த இடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், மருந்தின் வாசனையே படாத பாக்டீரியாக்களிடம் எதிர்ப்புத்திறன் ஏற்கெனவே இருந்தது. சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம், முன்பே நடந்துவிட்டது; மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடம் விட்டது. பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வதும் உண்டு. அப்போதும் தேவையைப் பார்த்து எதுவும் உருவாவதில்லை.

அடுத்தது, நன்றாகப் படிக்கிற மாணவர்கள்கூடச் சறுக்கும் இடம். நம் ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு; இரண்டு பிரதியும் இருந்தால்தான் தெரிவது ஒடுங்கு பண்பு. ஓங்கு பண்பு என்றால் நாளடைவில் அது எல்லோருக்கும் பரவிவிடும் என்று நினைப்பது தவறு. இந்தச் சந்தேகம் 1908-இல் இங்கிலாந்தின் அறிஞர்களுக்கே இருந்தது. குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால், காலப்போக்கில் நான்கில் மூவருக்குக் குட்டை விரல் இருக்க வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. மரபியலாளர் புன்னெட் அதைத் தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணித நண்பர் ஹார்டியிடம் கொண்டுபோனார். ஆமாம், சில ஆண்டுகள் கழித்து நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். எளிய பெருக்கல் கணக்கு ஒன்றில் அவர் பதில் எழுதினார்: கூட்டம் பெரியதாக இருந்து, இந்தப் பண்பைப் பார்க்காமல் இணை சேர்ந்து, இயற்கைத் தேர்வும் (சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பெருகுவது) இடப்பெயர்வும் சடுதிமாற்றமும் இல்லாவிட்டால் அல்லீல் விகிதம் அசையாது. ஸ்டுட்கார்ட் மருத்துவர் வைன்பெர்க்கும் அதே ஆண்டு தனியாக இதையே கண்டார். ஓங்கு, ஒடுங்கு என்பதெல்லாம் ஓர் உடலுக்குள் எந்த அல்லீல் வெளியே தெரிகிறது என்பதோடு சரி. ஊரில் எது பெருகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பரீட்சையில் இந்தக் கணக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்டி சொன்னது போன்ற கூட்டத்தில், நூறு பேரில் 84 பேருக்கு ஓங்கு பண்பு தெரிகிறது என்றால் 0.84-க்கு வர்க்கமூலம் எடுக்காதீர்கள். அந்த 84 பேரில் ஓங்கு அல்லீல் இரண்டு உள்ளவர்களும் ஒன்று மட்டும் உள்ளவர்களும் கலந்திருக்கிறார்கள். இரண்டு பிரதியும் ஒடுங்கு அல்லீலாக உள்ள மிச்சம் 16 பேரிலிருந்து தொடங்குங்கள்: 0.16-இன் வர்க்கமூலம் 0.4, அது ஒடுங்கு அல்லீல். மற்றது 0.6. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 0.48, அதாவது 48 பேர் ஒடுங்கு அல்லீலை வெளியே தெரியாமல் சுமக்கிறார்கள்.

இந்தக் கணக்கு பரீட்சையோடு முடிவதில்லை. ஒடுங்கு நோய் ஒன்றின் அல்லீல் நூற்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று வையுங்கள். பத்தாயிரம் பேரில் நோயாளி ஒரே ஒருவர். அல்லீலைச் சுமப்பவர்கள் 198 பேர். நோயாளிகளைப் பிள்ளை பெறவிடாமல் தடுத்தால் நோய் ஒழியும் என்று சட்டமே போட்டார்கள், 1907-இல் அமெரிக்காவின் இண்டியானாவில், 1933-இல் நாஜி ஜெர்மனியில். மனிதர்களுக்கு இழைத்த கொடுமை அது. அந்த அல்லீலின் நூறு பிரதிகளில் 99 சுமப்பவர்களிடம் பத்திரமாக இருக்க, கணக்கும் சட்டம் போட்டவர்களுக்கு எதிராகவே நின்றது.

"கெட்ட மரபணு தானாக அழிந்துவிடும்" என்பதும் இப்படித்தான். இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் கதிர் அரிவாள் அல்லீல் இரண்டு இருந்தால் கடுமையான இரத்த சோகை. ஒன்று மட்டும் இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு. இதை ஆய்வாளர் ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954-இல் எழுதினார். இந்தியாவில் இந்த அல்லீல் முதலில் தெரியவந்தது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். மலேரியா இருக்கும் ஊரில் லாபம், இல்லாத ஊரில் நஷ்டம் மட்டும். சூழலைச் சொல்லாமல் ஓர் அல்லீலை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த முடியாது.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடமிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன; பிரிந்த பிறகு அவையும் மாறின, நாமும் மாறினோம்.

கடைசியாக, எல்லா மாற்றத்துக்கும் இயற்கைத் தேர்வையே காரணம் காட்டுவது. சிறிய கூட்டத்தில் விகிதம் வெறும் தற்செயலாலும் ஏறி இறங்கும். மரபியல் நகர்வு என்பது அதுதான். தெற்காசியாவில் இது வெகு நெருக்கமான விஷயம், ஏனென்றால் ஒரு சில மூதாதையரிடமிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சாதிகள் இங்கே ஏராளம். ஆரிய வைசியச் சமூகத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அன்றாட வாழ்க்கையில் அது தெரியாது. அறுவை சிகிச்சையில் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து கொடுத்தால்தான் சிக்கல்: சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தசைகள் மணிக்கணக்கில் செயலற்று, மூச்சுக்கே கருவி வைக்க வேண்டிவரும். இதில் யாருடைய தகுதியும் குறையும் இல்லை. தொடக்கத்தில் இருந்த சிலரில் ஒருவர் தற்செயலாக இந்த அல்லீலைச் சுமந்திருப்பார், அவ்வளவே. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பின் இப்படி ஆகியிருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.