இன்ஜின் மாற்றிய டிரக் ஐடிலில் குலுங்கினால் எங்கே பார்ப்பது

பெட்ரோல் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். ஐடில் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடுவது. முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் ஆடாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டையோ (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்), எங்காவது சேசிஸில் உரசும் சைலன்சர் குழாயையோ சந்தேகப்படுங்கள், இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

முள்ளும் ஆடுகிறதா? அப்படியானால் வேக்கம் லீக்தான், அதாவது இன்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று கசிந்து நுழைவதுதான், என் முதல் சந்தேகம், ஏனென்றால் இன்ஜின் மாற்றும்போது கழற்றி மாட்டிய ஹோஸ்களில் பிரேக் பூஸ்டர் ஹோஸோ பிசிவி ஹோஸோ (இன்ஜினின் அடிப்பகுதி வாயுவை உள்ளிழுக்கும் குழாய்) சரியாக உட்காராமல் போவது சகஜம். ஸ்கேனர் இருந்தால் ஃப்யூல் டிரிம் பாருங்கள், அது கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் சதவீதம். ஐடிலில் +10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். 2500-லும் அந்த டிரிம் இறங்காவிட்டால் எரிபொருள் அழுத்தத்தையும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள். கசிவைத் தேட, குழாய்களுக்குள் புகை செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று காட்டும் ஸ்மோக் மெஷின்தான் நல்லது. கசிவு தேடுகிறேன் என்று சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் தீப்பிடிக்கலாம்.

டிரிம் சரி, ஆனாலும் தடுமாறுகிறது என்றால் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது ஐடில் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அங்கே பிளக், காயில், கம்ப்ரஷன் மூன்றையும் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய இன்ஜின் என்றால் ஃபயரிங் ஆர்டரை (சிலிண்டர்களுக்குத் தீப்பொறி போகும் வரிசை) கட்டாயம் சரிபாருங்கள்: ஃபோர்டு 302 பழையதில் 1-5-4-2-6-3-7-8, அதன் 5.0 ஹெச்ஓ வகையில் 1-3-7-2-6-5-4-8, வெளியில் பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம் கிரவுண்ட் வயர். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள பட்டையை மாட்ட மறந்தால் சென்சார்கள் தாறுமாறாகக் காட்டும்.