‘மறுகா சொல்லுறன்’ என்பதை இங்கிலிஷில் எப்படி எழுதுவது?

கல்லடியில் பின்னேரங்களில் வேலை விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். சிவப்புப் பேனை அதிகம் ஓடுவது முடிவெடுப்பதைப் பற்றிய சொற்களில்தான். அகராதியில் ‘தீர்மானமான’, ‘திட்டவட்டமான’ என்று நாலைந்து இங்கிலிஷ் சொற்களுக்கு ஒரே பொருள் கிடக்கிறது. பிள்ளைகளும் கைக்கு வந்த ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

போன கிழமை ஒரு பிள்ளை, கொழும்பில் வேலைசெய்யச் சம்மதமா என்ற கேள்விக்கு ‘ஐ ஆம் இன்டிசைசிவ்’ என்று எழுதியிருந்தா.

“என்ன மகள், உங்கட குறையை நீங்களே எழுதி அனுப்புறீங்க?”

“இன்னும் முடிவெடுக்கல்ல சேர், அதத்தானே எழுதினன்.”

அதற்கு ‘அன்டிசைடட்’ என்று எழுத வேண்டும். கொழும்பு விசயத்தில் மட்டும் ‘மறுகா சொல்லுறன்’, அதாவது பிறகு சொல்கிறேன், என்பவர் அன்டிசைடட். தேத்தண்ணியா கோப்பியா என்றாலும் ‘மறுகா சொல்லுறன்’ என்பவர் இன்டிசைசிவ். அது குணம். எந்த முகாமையாளர் அப்படிப்பட்டவரை எடுப்பார்?

ஆளைப் பற்றிச் சொன்னால் ‘டிசைசிவ்’ என்பது நம்முடைய ‘வெட்டொன்று துண்டிரண்டு’. அதன் இலத்தீன் வேருக்கும் வெட்டுதல் என்றுதான் பொருள்! நிகழ்வைப் பற்றிச் சொன்னால், முடிவைத் தீர்த்துவைத்தது என்று அர்த்தம். வெபர் மைதானத்தில் 1-0 என்று முடிந்த ஆட்டத்தில் அந்த ஒற்றைக் கோல் டிசைசிவ். இடைவேளையில் 3-0 என்று நின்றால் அது ‘டிசைடட் அட்வான்டேஜ்’; மேல்கை யாருக்கு என்பது பளிச்சென்று தெரிகிறது, ஆனால் ஆட்டம் இன்னும் கிடக்கிறது. இந்த இடத்தில் டிசைடட் என்பதை ‘தீர்மானிக்கப்பட்ட’ என்று மொழிபெயர்த்தால் தடம் மாறிவிடும். ‘டிசைசிவ் டிசிஷன்’ என்று சேர்த்து எழுதுவோரும் உண்டு. பிழை என்று அடிக்க மாட்டேன். ஒரே வேர்ச் சொல் இரண்டு தரம் வந்து காதில் இடறுகிறது, அவ்வளவுதான்.

‘டெஃபினிட்’, ‘டெஃபினிடிவ்’ என்ற சோடி இன்னொரு பொறி. நேர்முகத்துக்குக் கேட்பது டெஃபினிட்டான திகதி, அதாவது ஐயமில்லாத திகதி. ஒரு விசயத்தில் இதுதான் கடைசிச் சொல் என்று எல்லாரும் ஏற்கும் நூல் டெஃபினிடிவ். நீளமான சொல் கெட்டித்தனமாகத் தெரியும் என்று திகதிக்கு அதைப் போடாதீர்கள்.

எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். ‘டெஃபினிட்லி’ என்று தட்டப்போய் எழுத்துகள் புரண்டால் ‘டிஃபயன்ட்லி’ ஆகிவிடும். அதுவும் சரியான சொல் என்பதால் கணினி சிவப்புக் கோடு போடாது. ‘கட்டாயம் நேர்முகத்துக்கு வருவேன்’ என்று எழுத நினைத்தவர், ‘அடங்க மாட்டேன், எதிர்த்து நின்று வருவேன்’ என்று அனுப்பியிருப்பார்.