துப்பவும் இடம் கொடுங்கள்: புதிய உணவைக் குழந்தைக்குப் பழக்கும் முறை

என் மகள் மூன்றரை வயதில் ஆறு உணவுகளை மட்டுமே சாப்பிட்டாள். ரொட்டி, வெறும் சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், தயிர், பால் ஆகியவற்றைத் தவிர வேறு எது தட்டில் வந்தாலும், தொட்டுக்கூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐந்து மாதங்கள் ஒரே முறையை விடாமல் பின்பற்றிய பிறகு, கேரட், பட்டாணி, முட்டை, பூசணி, மீன் என்று அந்தப் பட்டியல் இன்று இருபதைத் தாண்டியிருக்கிறது. நான் நீண்ட நாள் தடுமாறி நின்ற இடத்தையும் சேர்த்து, அந்த முறையை இங்கே எழுதுகிறேன். சமையல் குறிப்போ சத்துக் கணக்கோ இதில் இல்லை; அவை உங்களுக்குத் தெரிந்தவையே.

ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, பழக்கமில்லாத உணவைக் கண்டு அஞ்சுவது வளர்ச்சியின் இயல்பான ஒரு கட்டம். எட்டு மாதத்தில் எதைக் கொடுத்தாலும் வாயில் வைத்துக்கொண்ட குழந்தை இரண்டு வயதில் அதையே மறுப்பது இதனால்தான். பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையிலான இரட்டையர்களிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த அச்சத்தில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேறுபாட்டில் சுமார் 78 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கிட்டது. என் வளர்ப்பில்தான் குறை என்று நொந்துகொண்டிருந்த எனக்கு அந்த எண் பெரிய ஆறுதலாக இருந்தது. மரபணு சார்ந்தது என்பதற்காக மாற்றவே முடியாது என்று எண்ண வேண்டாம். சில குழந்தைகளுக்குக் கூடுதல் நாட்கள் தேவைப்படும், அவ்வளவே.

முதல் படி: பசிக்க விடுங்கள்

பிறந்த எடையைப் போல் மூன்று மடங்கை ஒரு வயதில் எட்டிவிடும் குழந்தை, இரண்டாம் ஆண்டு முழுவதிலும் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. அந்தக் குறைந்த பசியையும் பாலும் பிஸ்கட்டும் நிரப்பிவிட்டால், புதிய உணவுக்கு வயிற்றில் இடமே இருக்காது. என் மகள் நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அரை லிட்டர் அவளுக்குப் போதும் என்றும், அளவுக்கு மீறிய பால் இரும்புச்சத்துக் குறைவுக்கும் வழிவகுக்கும் என்றும் மருத்துவர் சொன்ன பிறகே குறைத்தேன். இரண்டு வேளைகளுக்கு நடுவே இரண்டரை முதல் மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

இரண்டாம் படி: பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் 1980-களில் வகுத்த எளிய பிரிவினை இது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பவற்றைக் குழந்தை முடிவு செய்கிறது. இதற்காகக் குழந்தைக்குத் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் சமைத்ததில் குழந்தை ஏற்கும் உணவு ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். அது இருக்கும் வரை, மற்றவற்றைத் தொடாமல் எழுந்து போனாலும் பட்டினியாகப் போகவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

மூன்றாம் படி: சுவைக்கும் நேரத்தைத் தனியாக வையுங்கள்

நான் பல வாரங்கள் சிக்கிக்கொண்டிருந்த இடம் இதுதான். உளவியலாளர் லீயன் பர்ச்சும் அவருடைய குழுவினரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குச் சில உணவுகளைப் பார்க்க மட்டும் கொடுத்தார்கள், சிலவற்றைச் சுவைக்கவும் கொடுத்தார்கள். பார்க்க மட்டும் கிடைத்த உணவின் தோற்றம் குழந்தைகளுக்குப் பிடித்துப்போனதே தவிர, சுவை பிடிக்கவில்லை. நாக்கில் பட்ட உணவுதான் சுவையில் பழகியது. பர்ச் பங்கேற்று 2006-இல் வெளியான இன்னொரு ஆய்வில், சூப்பைக் குடித்து முடிக்கும்படி வற்புறுத்தப்பட்ட குழந்தைகள் குறைவாகவே குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் கூடுதலாகச் சொன்னார்கள். சுவைக்காமல் பழகாது, சுவைத்துப் பார் என்று நெருக்கினாலும் பழகாது. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அதட்டுவதும் வாயில் திணிப்பதும்தான் வற்புறுத்தல் என்று எண்ணியிருந்தேன். நான் ஒருபோதும் அதட்டியதில்லை. "ஒரே ஒரு வாய் கண்ணு, அம்மாவுக்காக" என்று கெஞ்சுவேன். வாயில் வைத்தால் கை தட்டுவேன். விழுங்கும் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மாலை அவள் கேரட் துண்டு ஒன்றை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து, கண்களில் நீர் நிறைய, "அம்மா, துப்பலாமா?" என்று கேட்டாள். என் அன்பான குரலும் அவளுக்குக் கட்டளையாகத்தான் கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சிறு கிண்ணத்தை நீட்டி, "எப்போது வேண்டுமானாலும் துப்பலாம்" என்றேன். மறுநாள் நான் எதுவும் சொல்லாமலேயே, அந்தக் கிண்ணத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, கேரட்டைத் தானே எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தாள். வாயில் போனதை வெளியே எடுக்க வழி இருந்தால்தான் வாயில் வைக்கத் துணிவு வரும்.

அன்றிலிருந்து நாங்கள் செய்தது இதுதான். சாப்பாட்டு வேளைக்கு வெளியே, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் ஒதுக்கினோம். ஒரு நேரத்தில் ஒரே ஓர் உணவுதான். அது அவள் கடுமையாக வெறுக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. துண்டின் அளவு பட்டாணியில் பாதி. பெரியவர் கண்ணுக்குக் கேலிக்குரியதாகத் தோன்றும் அளவே குழந்தைக்கு ஏற்ற அளவு. கேரட் போன்ற கடினமான காய்களை விரலால் நசுக்கும் பதத்திற்கு வேகவையுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுக் கொட்டைகளை ஐந்து வயது வரை கொடுக்கவே வேண்டாம். நானும் அதே உணவில் ஒரு துண்டைச் சாப்பிடுவேன். முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது, விழுங்குவது ஆகியவற்றில் இன்று எது என்பதை அவள்தான் தேர்ந்தெடுப்பாள். முடிந்ததும் "நன்றாக இருந்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இன்று நுனி நாக்கால் தொட்டாய்" என்று நடந்ததை மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன். இப்படிப் பேசப் பழகுவதற்கே எனக்குப் பத்து நாளாயிற்று.

கேரட்டின் கணக்கைச் சொல்கிறேன். முதல் நான்கு நாட்கள் உதட்டோடு நின்றது. ஏழாம் நாள் வரை நக்கினாள். எட்டாம் நாள் கடித்துத் துப்பினாள். பதின்மூன்றாம் நாள் விழுங்கினாள். ஒரு உணவு பழக எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. மூன்று, நான்கு முறையோடு கைவிடும் பெற்றோர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

கருவிகள் குறித்து என் கருத்து உறுதியானது. ஒரு சிறு தட்டு, துப்புவதற்கு ஒரு கிண்ணம், கோடு போட்டு எண்ணிக்கை வைக்க ஒரு நோட்டுப் புத்தகம், இவை போதும். கைபேசியில் படம் காட்டி ஊட்டுவதை நான் முற்றிலும் விட்டுவிட்டேன். திரையில் மூழ்கிய குழந்தை விழுங்குகிறதே தவிர, என்ன சுவைத்தோம் என்பதை அறிவதில்லை. பிடித்த உணவுக்குள் காயை மறைத்துக் கொடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மசித்த உருளைக்கிழங்கில் பூசணியைக் கலந்து கொடுத்து அவள் கண்டுபிடித்துவிட்டதால், இரண்டு வாரம் உருளைக்கிழங்கையே தொடவில்லை.

பரிசு தருவதைப் பற்றி ஒரு சொல். காயைச் சாப்பிட்டால் இனிப்பு தருகிறேன் என்ற பேரம், காயின் மதிப்பைக் குறைத்து இனிப்பின் மதிப்பை உயர்த்திவிடுகிறது. ஆனால் சுவைத்ததற்காக ஒரு ஸ்டிக்கர் தருவது உதவுகிறது என்பதை 2011-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அந்த விருப்பம் மூன்று மாதங்களுக்குப் பின்னும் நீடித்தது. விழுங்கினால்தான் என்று நிபந்தனை வைக்காமல், நக்கியதற்கும் ஸ்டிக்கர் கொடுங்கள்.

நான்காம் படி: பழகியதிலிருந்து பக்கத்துக்குச் செல்லுங்கள்

அடுத்த உணவை, ஏற்கெனவே பழகியதற்கு நிறத்திலோ பதத்திலோ நெருக்கமானதாகத் தேர்ந்தெடுங்கள். கேரட்டுக்குப் பின் பூசணி எங்களுக்கு ஆறே நாளில் பழகியது. பூசணிக்குப் பின் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மூன்றே நாள்.

எடை குறைவது, விழுங்கும்போது அடிக்கடி இருமுவது, ஏற்ற உணவுகளையும் ஒவ்வொன்றாகக் கைவிடுவது ஆகியவற்றைக் கண்டால் இந்த முறையை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். சாதாரண அடத்தைக் கடந்த உணவு தவிர்ப்பை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது.

பின்சேர்க்கை: துப்புவதையே குழந்தை விளையாட்டாக்கிக்கொள்வதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கிண்ணத்துக்குள் மட்டும் துப்பலாம், வெளியே விழுந்தால் அன்றைய நேரம் அத்துடன் முடிந்தது என்று அமைதியாகச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். சிரிக்கவும் வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். என் மகளும் ஒரு வாரம் அப்படிச் செய்துவிட்டு நிறுத்தினாள்.

இரண்டாம் பின்சேர்க்கை: காய்ச்சலுக்குப் பிறகு, பழகிய உணவையெல்லாம் குழந்தை மீண்டும் மறுக்கிறது என்று ஒரு தாய் கேட்டிருந்தார். எங்களுக்கும் அது நேர்ந்தது. உடல் முழுமையாகத் தேறும் வரை சுவைக்கும் நேரத்தை நிறுத்திவைத்துவிட்டு, பிறகு கடைசியாகப் பழகிய உணவை விட்டு முதலில் பழகிய உணவிலிருந்து தொடங்குங்கள். என் மகள் கேரட்டை நான்காம் நாளே விழுங்கிவிட்டாள். கிண்ணம் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.