பிள்ளையின் கணக்கில் பிறந்த தேதியைத் திருத்துவது எப்படி?

இன்ஸ்டகிராமிலும் டிக்டாக்கிலும் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. தொடக்கநிலைப் பிள்ளைகள் வயதைக் கூட்டிப் பதிந்துவிட்டால், பதின்ம வயதினருக்கான பாதுகாப்புகள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, கட்டுப்பாட்டுச் செயலியைத் தேடும் முன்பு தேதியைத் திருத்துங்கள்.

செயலிக் கடையில் பயன்படும் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி. சிங்கப்பூரின் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் செயலிக் கடைகளுக்கு வகுத்த விதித்தொகுப்பு 2025 மார்ச் 31 முதல் நடப்பில் உள்ளது. ஆப்பிள், கூகல், ஹுவாவெய், மைக்ரோசாஃப்ட், சாம்சுங் ஆகிய ஐந்து கடைகளும் பயனரின் வயதைக் கணிக்கவோ சரிபார்க்கவோ வேண்டும் என்று அது பணிக்கிறது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் கைப்பேசியில், பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் மேற்பார்வையிட உதவும் கூகலின் ‘ஃபேமிலி லிங்க்’ செயலியை நிறுவி, உங்கள் கூகல் கணக்கில் நுழைந்து ஆயத்தமாக இருங்கள். அதன் பிறகே பிள்ளையின் கூகல் கணக்கில் ‘தனிப்பட்ட தகவல்’ பகுதிக்குச் சென்று பிறந்த தேதியை மாற்றுங்கள். 13 வயதுக்குக் குறைந்த தேதியைப் பதிந்தவுடன், பெற்றோர் மேற்பார்வையைச் சேர்க்கக் கூகல் 14 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் சேர்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும். எனவே படங்களை முன்கூட்டியே நகலெடுத்துக்கொள்வது நல்லது. பள்ளி வழங்கிய ‘ஐகான்’ கணக்கு வேறு. அதைத் தொட வேண்டாம்.

ஐபோனில் ‘குடும்பப் பகிர்வு’ மூலம் பிள்ளைக்கெனத் தனிக் கணக்கை உருவாக்குங்கள். பயன்பாட்டு நேரத்தைக் கட்டுப்படுத்தும் ‘ஸ்கிரீன் டைம்’ அமைப்பின் கடவுக்குறியீடு, கைப்பேசியைத் திறக்கும் எண்ணாக இருக்கக்கூடாது. பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இன்ஸ்டகிராமில் ‘கணக்கு மையம்’, ‘தனிப்பட்ட விவரங்கள்’, ‘பிறந்தநாள்’ என்ற வரிசையில் சென்று திருத்தலாம். பிள்ளைக்கு 13 வயது நிறையவில்லையென்றால் கணக்கை மூடிவிடுவதே நேர்மையான வழி. 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குப் பதின்மர் கணக்கு பொருந்தும்: அது பிறர் பார்வைக்குத் திறந்திராது, இரவு 10 மணி முதல் காலை 7 மணிவரை அறிவிப்புகளும் ஒலிக்கமாட்டா. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். 18க்கு மேல் என்று வயதைக் கூட்ட முயன்றால் அடையாள ஆவணமோ முகக் காணொளியோ கேட்கப்படும்.

டிக்டாக்கில் ‘ஃபேமிலி பேரிங்’ வழியாக உங்கள் கணக்கையும் பிள்ளையின் கணக்கையும் இணைக்கலாம்.

பிள்ளையின் குறுஞ்செய்திகள் அனைத்தையும் படித்துக் காட்டும் கட்டணச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தச் செயலிகளை உருவாக்கியவர்கள் கையில் அந்தச் செய்திகள் எப்படிப் பாதுகாக்கப்படும் என்பதைப் பெற்றோர் அறிய வழியில்லை.

பிற்சேர்க்கை: பிள்ளை மாலையில் தாத்தாவின் கைப்பேசியைப் பயன்படுத்தினால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பிள்ளையின் கைப்பேசியில் செய்த அமைப்புகள் அங்கே செல்லா. அந்தக் கைப்பேசியில் பிள்ளையின் சமூக ஊடகக் கணக்குகளிலிருந்து வெளியேறி, யூடியூபுக்குப் பதிலாக ‘யூடியூப் கிட்ஸ்’ செயலியை நிறுவி, கடையில் செயலி வாங்கக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அந்தக் கடவுச்சொல் தாத்தாவிடம் மட்டும் இருக்கட்டும்.