டெல்டாவில் வீட்டுப் பட்டறைக்குத் தரைப்பூச்சு தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டோடு சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் தரைப்பூச்சு வாங்கப் போனால், பெரும்பாலும் நிறத்தையும் விலையையும்தான் விசாரிக்கிறார்கள். கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வண்டல் மண்ணிலோ, அடியிலிருந்து ஓதம் ஏறுகிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். எபாக்ஸி போன்ற, தரைமேல் படலமாக இறுகும் பிசின் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியேற விடாது. அடியில் சேரும் ஈரம் அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

படி 1: ஓதத்தைச் சோதித்தல்

ஒன்றரை அடிச் சதுரமான கனத்த பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தாலோ, மூடியிருந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது என்று பொருள். சுவரோரத்திலும் நடுவிலும் தனித்தனியாகச் சோதிப்பது நல்லது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, வாய்க்கால்களில் தண்ணீர் ஓடி, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் நிலத்தடி நீர் மேலேறும் என்பதால், சித்திரையில் காய்ந்து கிடக்கும் தரையை நம்பாமல் ஐப்பசி, கார்த்திகையில் சோதித்துவிட்டு, பூசும் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சோதனையே வேண்டாம் என்பேன். விடை அங்கேயே இருக்கிறது.

படி 2: பூச்சைத் தீர்மானித்தல்

ஓதம் உள்ள கான்கிரீட் தரைக்குச் சிலிகேட் திரவம் பொருந்தும். அது உள்ளே ஊறி, கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புடன் வினைபுரிந்து மேற்பரப்பை இறுக்குகிறது; மேலே படலமாக நிற்காததால் உரிந்துபோக ஒன்றுமில்லை. எண்ணெய்க் கறையை மட்டும் அது முழுதாகத் தடுக்காது. ஓதமில்லாத தரைக்கு, இரண்டு டப்பாக்களாக வரும் எபாக்ஸியே என் தேர்வு. கதவு வழியே வெயில் விழுந்தால் எபாக்ஸி மஞ்சளிக்கும் என்பதால், அதன்மேல் பாலியூரிதேன் ஒரு கோட் தேவைப்படும். வெல்டிங் செய்யும் மூலையில் தீப்பொறி விழுந்து எபாக்ஸி கருகும். அங்கே சிலிகேட் போதும். சாதாரண எனாமல் பெயின்ட் பட்டறைத் தரைக்கு உதவாது.

படி 3: தரையைத் தயார் செய்தல்

புதிய கான்கிரீட் என்றால் 28 நாட்களாவது விட வேண்டும். சிமென்ட் பால் தேய்த்து வழவழப்பாக்கிய தரையில் பூச்சு பிடிக்காது. கிரைண்டர் வைத்துச் சொரசொரப்பாக்கி, தூசியை முழுதும் உறிஞ்சி எடுங்கள். பிறகு சில துளி நீர் விட்டுப் பாருங்கள்: ஊறினால் சரி, உருண்டு நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இன்னும் மீதமிருக்கிறது.

படி 4: கலந்து பூசுதல்

எபாக்ஸி என்றால், ஒரு டப்பாவிலுள்ள பிசினையும் மற்றதிலுள்ள, அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் டப்பாவில் குறித்துள்ள விகிதத்திலேயே கலக்க வேண்டும். வெயில் காலத்தில் கலவை விரைவில் இறுகும். வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகையக்கூடும். ஆகவே காலையில், சிறிது சிறிதாகக் கலந்து, உடனே தரையில் ஊற்றி ரோலரால் பரப்புங்கள். பொதுவாக ஒரு நாள் கழித்து நடக்கலாம். லேத் போன்ற கனமான இயந்திரங்களை ஏழு நாட்களுக்குப் பிறகே ஏற்ற வேண்டும்.